விழுந்த மரத்தில் செதுக்கப் போகிறவர்களுக்கு: ஒரு பலாக்கட்டையோடு நான் பட்ட பாடு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் சாய்த்துப் போட்ட மரமெல்லாம் விறகாகப் போய்விடவில்லை. கீரமங்கலம், ஆலங்குடி சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ வீட்டுக் கொல்லைகளில் பலாக்கட்டையோ மாங்கட்டையோ அப்படியே கிடந்தது. அப்பன் பாட்டன் வைத்த மரம், விற்க மனசு வராது, என்றைக்காவது உதவும் என்று போட்டு வைத்தது. அதில் ஏதாவது சிலை செதுக்கலாமா, ஆர்டர் எடுக்கலாமா என்று கேட்டு எனக்கு இப்போதும் போன் வருகிறது. செதுக்கலாம். ஆனால் கடையில் அறுத்து வாங்கிய பலகையில் கை பழகியவர்கள் நேராக முழுக்கட்டையில் இறங்கினால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 13,000 ரூபாயும், ஒரு கோடை விடுமுறையும், பல ராத்திரித் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். சம்பளம் பற்றாது என்பதால் தேக்குப் பலகையிலும் வாகைப் பலகையிலும் கஜலட்சுமி, அன்னம், கொடி என்று புடைப்புச் சிற்பம் செதுக்கி, வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு மாதிரியே புது வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் வந்தார். ஐயனார் கோயில் குதிரை மாதிரி மூன்றடி உயரத்துக்கு ஒரே கட்டையில் ஒரு மரக்குதிரை வேண்டும், ஹாலில் நிறுத்தப் போகிறேன் என்றார். 40,000 ரூபாய் பேசி 15,000 அட்வான்ஸ் கொடுத்தார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் கொல்லையில் கிடந்த பலா. அம்மா கன்றாக வைத்து வளர்த்த மரம், புயலில் வேரோடு சாய்ந்தது. ஆறடிக்குக் குறையாத சுற்றளவு, மேலே இரண்டாகப் பிரிகிற கவட்டை. அடிமரத்தில் நாலு கால், பருத்த இடத்தில் உடம்பு, கவட்டையின் ஒரு கிளையில் கழுத்தும் தலையும் என்று பார்த்த மாத்திரத்தில் குதிரை கண்ணுக்குத் தெரிந்தது. பலாவும் சாதாரண மரம் இல்லை. தஞ்சாவூரில் வீணைக்குக் குடைவது பலாதான், அந்த வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மிருதங்கத்துக்கும் பலாக்கட்டைதான் நல்லது என்பார்கள். வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றி இறுகிய பலாவைக் கறையான் லேசில் தொடாது. அம்மா வைத்த மரத்துக்கு ஒரு மரியாதை என்று சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தேன்.

முதல் பிரச்சினை கட்டையின் இரண்டு முனைகளிலும் இருந்தது. நடுக்குருத்திலிருந்து, அதாவது மரத்தின் நட்டநடுவில் நெடுக ஓடுகிற மெல்லிய தண்டிலிருந்து, பட்டையை நோக்கி நாலா பக்கமும் வெடிப்பு ஓடியிருந்தது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வருட வளையத்தை ஒட்டிச் சுற்றுவாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அந்த இழுவை தாங்காமல்தான் உருண்டைக் கட்டை வெடிக்கிறது. இதில் முனைகள்தான் முதலில் காயும், ஏனென்றால் மரம் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் எல்லாம் வெட்டுவாயில் திறந்து கிடக்கின்றன. மரம் விழுந்த வாரத்திலேயே இரண்டு முனைக்கும் பழைய பெயின்டோ உருக்கிய மெழுகோ கெட்டியாகப் பூசியிருந்தால் இதில் பெரும்பகுதி தப்பியிருக்கும். புயல் முடிந்து கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கிடந்த நாட்களில் கட்டைக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள், அது வேறு விஷயம். இனிமேல் உங்கள் வீட்டில் ஒரு நல்ல மரம் விழுந்தால் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள், நூறு ரூபாய் செலவு. அப்புறம் நிழலில், தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

வெடித்த முனையை எவ்வளவு தூரம் வெட்டித் தள்ளுவது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வட்டத் துண்டு அறுத்து, அறுத்த முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், வெடிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் ஈரம் நின்று கறுப்புக் கோடாகத் தெரியும். தலைமுடி அளவு விரிசல்கூட இதில் தப்பாது. அந்தக் கோடு மறையும் வரை அறுத்துத் தள்ள வேண்டியதுதான். என் கட்டையில் அப்படி அறுத்த பிறகு குதிரைக்குச் சரியாகக் காணும் அளவுதான் மிச்சம் இருந்தது.

அறுக்க மில்லுக்குக் கொண்டு போனால் மில்காரர் முதலில் கேட்டது, வீட்டு மரமா காட்டு மரமா என்று. வீட்டு மரம் என்றதும் வேண்டாம் என்றார். "கொடி கட்ட ஆணி அடிச்சிருப்பீங்க, போர்டு மாட்டியிருப்பீங்க, மாடு கட்டக் கொக்கி வச்சிருப்பீங்க, எல்லாம் உள்ளதான் இருக்கும் சார், பிளேடு போனா யாரு கொடுப்பா?" என்றார். பிளேடு போனால் நான் தருகிறேன் என்று சொல்லித்தான் ஏற்ற வைத்தேன். பக்கவாட்டைச் சீவும்போதே பட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே டங்கென்று சத்தம். மூன்று அங்குல ஆணி, அதைச் சுற்றி மரம் வளர்ந்து மூடியிருந்தது. பிளேடுக்கு 3,500 ரூபாய், அறுவைக் கூலி 1,500, டிராக்டருக்கும் ஏற்று இறக்குக் கூலிக்கும் 2,000 என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே 7,000 போய்விட்டது. மில்காரர் மேல் எனக்கு வருத்தமே இல்லை, அவர் சொல்லிவிட்டுத்தான் அறுத்தார். ஆனால் அந்த ஆணி இருப்பதை மரம் முன்னாலேயே காட்டிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அறுத்துத் தள்ளிய வட்டத் துண்டில் ஓரமாக ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. இரும்புத் துருவும் மரத்தின் சாறும் சேர்ந்தால் இப்படிக் கறை ஏறும், அது நார் ஓடுகிற வழியில் மேலும் கீழும் நெடுக இறங்கும். மஞ்சள் பலாவில் காரணமில்லாமல் ஒரு கறுப்புக் கோடு ஓடினால் அதே கோட்டில் எங்கேயோ இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாக இருக்கிற ஆணியை நல்ல காந்தம் காட்டிக் கொடுக்கும். ஆழத்தில் இருப்பதற்குக் கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர் வாடகைக்குக் கிடைத்தால் தேவலை.

சரி, செதுக்க ஆரம்பித்தேன். வெளிப்பக்க வெள்ளை மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டைக்கு அடுத்திருக்கிற வெளிறிய பகுதியில் மாவுச்சத்து இருக்கிறது, மரத்தைத் துளைத்து உளுத்துப்போக வைக்கிற வண்டுக்கு அதுதான் சாப்பாடு. உள்ளே இருக்கிற வைரத்தை அது பெரும்பாலும் தொடாது. பழைய ஆட்கள் மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டது இந்தச் சத்து கரைந்து போவதற்காகத்தான். என் கட்டையில் வெள்ளைப் பகுதி முழுக்க குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். ஓட்டை இருப்பது மட்டும் ஆபத்தில்லை, வண்டு போய்விட்ட பழைய ஓட்டையாக இருக்கலாம். கட்டைக்குக் கீழே கறுப்புத் தாளை விரித்து, இருக்கிற ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். சில வாரம் கழித்துத் தாளில் புதுத்தூள் விழுந்திருந்தாலோ வட்டமில்லாத ஓட்டை தெரிந்தாலோ உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு விழுந்தது. வெள்ளையை முழுவதுமாக வாச்சியால் (மண்வெட்டி மாதிரி வாய் குறுக்காக இருக்கிற கைக்கருவி) செதுக்கித் தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை நன்றாக ஊறும்படி பூசினேன். வெள்ளை போனதில் குதிரையின் வயிறு நினைத்ததைவிடச் சிறுத்தது. பரவாயில்லை, வடிவத்தை வரைகிறபோதே வெள்ளையைக் கணக்கில் சேர்க்காமல் வைரத்துக்குள் மட்டும் வரைவதுதான் முறை.

கால்களைப் பிரித்தபோது வந்தது நான் கேள்விப்பட்டே இராத ஒன்று. முன்னங்கால் ஒன்றின் உள்பக்கத்தைக் கொட்டாப்புளியால், அதாவது உளியை அடிக்கிற மரச்சுத்தியால், லேசாகத் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன், கால் குறுக்காக ஒடிந்து கையோடு வந்துவிட்டது. நல்ல மரம் ஒடிந்தால் நார் நாராகக் கிழியும், சிலாம்பு நிற்கும். இது கேரட்டை ஒடித்த மாதிரி மொட்டையாக ஒடிந்திருந்தது. உளுப்பு இல்லை, அழுகல் இல்லை, பார்க்க அத்தனை நன்றாக இருந்த இடம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உளி பிடிக்கத் தெரியாமல் போய்விட்டதா என்றுகூட நினைத்தேன். காரணம் பின்னால்தான் தெரிந்தது. புயல் காற்றில் மரம் வளைந்து ஆடும்போது வளைவின் உள்பக்க நார்கள் நசுங்குகின்றன. மரம் நிமிர்ந்தாலும் விழுந்தாலும் அந்த நசுங்கல் உள்ளேயே இருக்கும், நாரின் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடாக. அந்தக் கோட்டில் மரத்துக்குப் பலமே கிடையாது. புயலில் விழுந்த எந்த மரத்திலும் இதை எதிர்பார்க்க வேண்டும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, ஆனால் தேடினால்தான் தெரியும். ஒரு பக்கத்தை இழைப்புளியால் வழுவழுப்பாக இழைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். ரேகை நெடுக்காக ஓடும், இந்தக் கோடு மட்டும் குறுக்கே, கொஞ்சம் வளைந்து நெளிந்து தெரியும். நான் அப்படி அடித்துப் பார்த்தபோது மிச்சமிருந்த கால்களில் ஒன்றிலும் அதே உயரத்தில் அதே கோடு இருந்தது. கால், கழுத்து, விரல், காது மாதிரி மெல்லிசாக வருகிற எந்த இடமும் இந்தக் கோட்டில் விழக் கூடாது. விழுந்தால் வடிவத்தை மேலே கீழே நகர்த்துங்கள், முடியாவிட்டால் அந்தக் கட்டையைப் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பருத்த இடத்தில் இருந்தால் ஒன்றும் செய்யாது. நான் ஒடிந்த காலின் உள்ளே வேங்கை மரக் குச்சியை இறக்கி எபாக்ஸி என்கிற இறுகும் பசையால் ஒட்டினேன், இன்னொரு காலுக்கும் ஒடிவதற்கு முன்பே அதே வைத்தியம். பசை மட்டும் போட்டு ஒட்டினால் நிற்காது, நசுங்கிய நார் பசைக்குப் பக்கத்திலேயே மறுபடி விட்டுவிடும்.

கணுக்களுக்கு நான் பயந்துகொண்டே இருந்தேன், ஆனால் அவை என்னை அவ்வளவு படுத்தவில்லை. கணுவில் இரண்டு ஜாதி. கிளை உயிரோடு இருந்தபோது மரம் அதைச் சுற்றி வளர்ந்திருந்தால் கணுவின் நார் சுற்றுமரத்தோடு கலந்திருக்கும், அதைத் தாராளமாகச் செதுக்கலாம். கிளை செத்துப் போன பிறகு மரம் மூடி வளர்ந்திருந்தால் கணுவைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருக்கும், உளியின் பின்பக்கத்தால் தட்டினால் பொத்தென்று கேட்கும், மரம் காயக் காயத் தளர்ந்து என்றைக்காவது தானே கழன்று விழும். செத்த கணுவை நீங்களே முதலில் எடுத்துவிட்டு அதே மரத்தில் முளை செய்து அடித்துவிடுவது நல்லது. உயிருள்ள கணுவுக்கு உளி கூராக இருக்க வேண்டும், சும்மா கூர் இல்லை, சாணைக்கல்லில் தீட்டி, தோலில் தேய்த்து, கை ரோமம் மழிக்கிற கூர். கணுவைச் சுற்றி நார் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு திசையில் ஓடும், ஒரு பக்கம் வெண்ணெயாக வெட்டுகிற உளி அரை அங்குலம் தள்ளிப் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே தள்ளி, உளியைச் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே சீவி எடுக்க வேண்டும். சுத்தியடித்து வேலையை முடிக்கப் பார்த்ததில் இரண்டு உளியின் வாய் போனது, 1,200 ரூபாய். பின்தொடையில் வந்த பெரிய கணு ஒன்றை அப்படியே விட்டேன். சுழி மாதிரி தெரிந்தது, குதிரைக்குச் சுழி பார்க்கிற ஊர்தானே நம்முடையது. முகத்திலும் கணுக்காலிலும் மட்டும் கணு வரவிடாதீர்கள், அது எந்தச் சுழியாக இருந்தாலும் சரி.

எல்லாவற்றையும்விட என்னை உடைத்துப் போட்டது கவட்டைதான். கழுத்து அழகாக வளைந்து வந்துவிட்டது. கிளையின் இயற்கையான வளைவில் நார் ஓடியதால் கழுத்து பலமாக இருக்கும் என்று எனக்குப் பெரிய நிம்மதி, அது சரியான யோசனையும்கூட. வளைந்த உறுப்புக்கு வளைந்த கிளையைத் தேடுவதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவில் ஆழமாக எடுக்கும்போது மரத்தின் உள்ளே பட்டை வந்தது. முதலில் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினேன், சுரண்டச் சுரண்ட கறுப்பாகப் பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்தது, உளி முனை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கிளைகள் குறுகலாக, கைவிரல் இரண்டை விரித்த மாதிரி நெருக்கமாகப் பிரிந்தால், வளரும்போது நடுவில் இருக்கிற பட்டையை இரண்டும் சேர்ந்து உள்ளே விழுங்கிக்கொள்ளும். வெளியே ஒரே மரமாகத் தெரியும், உள்ளே இரண்டுக்கும் ஒட்டே இருக்காது. தாராளமாக விரிந்து, வளைவாகப் பிரிகிற கவட்டையில் இந்த வம்பு பெரும்பாலும் இல்லை, அங்கே நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மரத்திலேயே பலமான இடமாக இருக்கும். வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கவட்டையின் கீழே பட்டை மேடு தட்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நல்லது, உள்பக்கமாக மடிந்து ஒரு கோடாக இறங்கினால் அந்தக் கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு உள்ளே பட்டை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது கழுத்தடியில் ஆரம்பித்து மார்புக்குள் இறங்கியிருந்தது. குதிரைத் தலையைப் பிடித்து லேசாக அசைத்தேன். கழுத்து அசைந்தது. முகம், கடிவாளம், பிடரி எல்லாம் முடிந்திருந்த நேரம்.

அன்றைக்கு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அட்வான்ஸ் பணத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டியாகிவிட்டது. அதனால் பட்டையை முழுக்கச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் நல்ல மரம் தெரிகிற வரை சுத்தம் செய்து, அந்தப் பள்ளத்தில் எபாக்ஸியை ஊற்றினேன். பிசினும் கெட்டியாக்கியும் சேர்த்து 1,400 ரூபாய். எபாக்ஸிக்கு முன்னால் ஓட்டை வெளியே எங்கெங்கே திறக்கிறது என்று பார்த்து டேப்பால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் ஒழுகி முன்னங்காலில் வந்து நிற்கும். ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பவும் கூடாது, உள்ளே சூடேறிக் கொப்புளம் விடும், பகுதி பகுதியாக ஊற்ற வேண்டும். கழுத்து நின்றுவிட்டது. சின்னச் சின்ன விரிசல்களை எல்லாரும் செய்கிற மாதிரி மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைத்து, தேய்த்து, எண்ணெய் பூசிக் காரைக்குடிக்குக் கொண்டுபோய் இறக்கினேன். வாங்கியவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், வீடு முழுசாக முடிந்ததும் பாக்கியைத் தருகிறேன் என்றார்.

குடிபோன பிறகு போன் வந்தது. ஹாலில் ஏசி ஓடுகிறது, குதிரையின் மார்பில் மேலிருந்து கீழே விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நேரில் போய்ப் பார்த்தேன். தூளும் பசையும் வைத்து அடைத்த இடமெல்லாம் தனித்தனியாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. பலா வெளிச்சம் பட்டால் மஞ்சளிலிருந்து பழுப்பாக மாறும், அடைப்பு மரத்தோடு சேர்ந்து மாறாது. வெடிப்புக்குக் காரணம் எளிமையானது. மேலே காய்ந்திருந்த மரம் உள்ளே காயவில்லை. இத்தனை வருஷம் கிடந்த மரம் காயாமலா இருக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பட்டையோடு முழுக்கட்டையாகக் கிடக்கிற மரம், அதுவும் வருஷா வருஷம் மழையில் நனைகிற மரம், நடுவில் லேசில் காயாது. பலகைக்கே ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்று கணக்குச் சொல்வார்கள். அவர் குதிரை வேண்டாம் என்றார், கோபப்படவில்லை, அட்வான்ஸை மட்டும் திருப்பிக் கேட்டார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 15,000-ஐக் கொடுத்தோம். போக வர வண்டி வாடகை 1,800. திரும்பி வரும் வழியில் டிரைவர், "நல்லாத்தானே இருக்கு, ஏண்ணே வேணாம்னுட்டாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், எனக்குப் பேச முடியவில்லை.

திருமயம் பக்கம் ஒரு கோயிலில் தேர் வேலைக்கு வந்திருந்த வயதான ஆசாரி ஒருவரிடம் போட்டோவைக் காட்டியது அதற்கப்புறம்தான். அவர் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வயித்துல குடைஞ்சீங்களா தம்பி?" இல்லை என்றேன். "நடுக்குருத்த உள்ள வச்சு மூடிட்டா அது எந்தப் பக்கமாவது வெளிய வரத்தான் செய்யும். எந்தப் பக்கம் வரணும்னு நாமதான் சொல்லணும்" என்றார். தேருக்கு இலுப்பை வாங்கினால் நடுக்குருத்தைப் பிளந்து ஒதுக்கிவிட்டுத்தான் சிற்பத்துக்குக் கட்டையே எடுப்பார்களாம். முழு உருவம் வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ குடைந்து குருத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நான் தேடிப் படித்ததில் இது உலகம் முழுக்க மரச்சிற்பிகள் கண்ட வழி என்று தெரிந்தது. 1500-ஐ ஒட்டி ஜெர்மனியில் லிண்டன் மரத்தில் செதுக்கிய டில்மன் ரீமன்ஷ்னைடர் போன்றவர்கள் சிலைகளின் முதுகைக் குடைந்துவிடுவார்கள். ஜப்பானில் புத்தர் சிலைகளின் உள்ளே குடைவார்கள், குருத்தோடு நிற்கிற வீட்டுத் தூணுக்குப் பின்பக்கம் குருத்து வரை ரம்பத்தால் ஒரு கீறல் போட்டுவிடுவார்கள், சுருங்குகிற மரம் அந்தக் கீறலை அகலமாக்கிக்கொள்ளும், முகப்பில் வெடிக்காது. இவ்வளவு எளிய விஷயம், ஒரு ரம்பக் கீறல்.

காய்ந்ததா இல்லையா என்பதற்கு ஈரமானி ஒன்றை 1,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன், இந்தக் கணக்கில் அதுதான் கடைசிச் செலவு. ஆனால் முள் குத்துகிற அந்த மீட்டர் மேலாக மட்டும்தான் அளக்கும், பருமனான கட்டையின் நடுவை அது சொல்லாது. காசில்லாத வழி தராசுதான். உருவத்தை ஒரு விரல்கடை கூடுதலாக விட்டுக் கரடுமுரடாகச் செதுக்கி, அடியில் குடைந்து, செய்தித்தாளைச் சுற்றி நிழலில் வையுங்கள். அவ்வப்போது அரிசிக் கடைத் தராசில் எடை போட்டுக் கட்டையிலேயே எழுதி வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் முகத்தையும் நகாசு வேலையையும் தொட வேண்டும். ஏசி அறைக்குப் போகிற உருவமாக இருந்தால் இதை இரண்டு மடங்கு பொறுமையாகச் செய்யுங்கள், ஏசி காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்த குதிரையை நான் எரிக்கவில்லை. அடிவயிற்றில் குடைந்தேன், கவட்டைக்காக இரண்டாகப் பிரிந்திருந்த குருத்து இரண்டும் வெளியே வந்தன. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே விட்டு எடை நின்ற பிறகு மார்பு வெடிப்பைக் கவனித்தேன். இதில் ஆசாரி சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெடிப்பில் கல்லாக இறுகுகிற எதையும் அடைக்காதீர்கள். மழைக்காலத்தில் மரம் ஊதும், வெடிப்பு மூடப் பார்க்கும், உள்ளே கல் மாதிரி அடைப்பு இருந்தால் அதுவே ஆப்பாக மாறிப் பக்கத்தில் இன்னொரு வெடிப்பைத் திறக்கும். அதே கட்டையிலிருந்து எடுத்த மெல்லிய சிலாம்பை வெடிப்பின் வடிவத்துக்குச் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவிச் செருக வேண்டும், மறுபக்கம் மரம் தன்பாட்டுக்கு மூச்சு விடட்டும். வெடிப்பு இன்னும் விரியும் என்று தோன்றுகிற இடத்தில் உடுக்கை வடிவத்தில் ஒரு கட்டை செய்து, வெடிப்பின் குறுக்கே பதித்துவிடலாம். உடுக்கையின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும், மாற்றி வைத்தால் இடுப்பில் ஒடிந்துவிடும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1930-களின் கடைசியில் கோல்கொண்டே விடுதி கட்டும்போது அங்கிருந்து வேலை பார்த்த கட்டடக்கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மேசைகள் செய்து புகழ் பெற்றவர். வெடிப்பும் கணுவும் உள்ள பலகைகளையே தேடி எடுத்து, வெடிப்பை மறைக்காமல் இந்த வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்து அப்படியே காட்டினார், அதற்காகவே மக்கள் வாங்கினார்கள். அவர் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மறைக்க வேண்டும் என்ற தவிப்பு போனது. குதிரையின் மார்பில் வேங்கையில் உடுக்கை வைத்தேன், மஞ்சள் பழுத்த பலாவில் அது கறுஞ்சிவப்பாக நன்றாகத் தெரிகிறது, தெரியட்டும். அந்தக் குதிரையைத் திருச்சியிலிருந்து வந்த ஒருவர் 22,000-க்கு வாங்கிக்கொண்டார். சங்கிலியை மீட்டோம்.

இப்போது இந்த மாதிரிக் கட்டையில் ஆர்டர் எடுத்தால் பேச்சே வேறு மாதிரி. கட்டையை வாங்குகிறவரிடம் நேரில் காட்டி, கணு, உளுப்பு, வெடிப்பு எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுகிறேன். முதல் கோடை முடிவதற்குள் வெடிப்பு வந்தால் நான் வந்து சரிசெய்து தருவேன், அதற்காகப் பணம் திரும்பாது என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். அட்வான்ஸைக் கட்டை அறுத்து உள்ளே பார்த்த பிறகுதான் வாங்குவது, அறுவைக் கூலி மட்டும் முன்னால். ஏசி அறையா, ஜன்னல் வெயில் படுமா என்று கேட்காமல் விலை சொல்வதில்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு, போகட்டும், அவர்களுக்குக் கடையில் பலகை இருக்கிறது. இன்னொன்று, பலாத்தூளும் வாகைத்தூளும் மூக்கில் ஏறினால் தும்மலோடு நிற்காது, மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையமே வகைப்படுத்தியிருக்கிறது, அதனால் துண்டைக் கட்டிக்கொண்டு உட்காராமல் நல்ல மாஸ்க்காக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். புயல் கட்டை வைத்திருக்கிறவர்கள் அறுக்கும் முன்னால் கவட்டையையும் வெட்டுமுனைகளையும் பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினால், எனக்குத் தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன்.